அவசரம்: போன்ல தமிழ் அடிச்சா எழுத்து மாறிப் போகுது, குழுவுல சண்டை

பாமணியாறு | இரவு 8.50
எல்லாருக்கும் வணக்கம். போன்ல தமிழ் அடிச்சா எழுத்து தானா மாறிடுது. நான் அடிச்சது ஒண்ணு, போய்ச் சேர்ந்தது ஒண்ணு. இதனால எங்க கவிதைக் குழுவுல பெரிய ரகளை, மூத்தவர் ஒருத்தர் வெளியேறிட்டார். நிறுத்த என்ன வழி? ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்துட்டேன். சீக்கிரம் சொல்லுங்க.

குடமுருட்டி | 8.54
என்ன போன், என்ன கீபோர்டு, எந்த எழுத்து எதுவா மாறுது? இந்த மூணும் தெரியாம என்னத்தைச் சொல்றது?

வெட்டாறு | 8.57
டெம்பர்டு கிளாஸ் ஒட்டியிருக்கீங்களா? ஓரம் தூக்கியிருந்தா கீழ் வரிசையில விரல் படுற இடம் தள்ளிப் போகும். கழட்டிட்டு அடிச்சுப் பாருங்க. பெரும்பாலும் இதுதான்.

தட்டச்சர் குடந்தை | 9.02
ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பவராகத்தான் இருக்க வேண்டும். இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை பதில் சொல்லியாகிவிட்டது. தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. மேலும், 'கீபோர்டு' அன்று, விசைப்பலகை.

பாமணியாறு | 9.10
ஆண்ட்ராய்டு. கீபோர்டு போன்லயே வந்தது. கிளாஸ் இருக்கு. ஆமா, இங்கிலீஷ்ல அடிச்சா தமிழ்ல வரும். கலைன்னு அடிச்சேன், களைன்னு போயிடுச்சு.

அரசலாறு | 9.12
அனுப்பின வாக்கியத்தை முழுசா போடுங்க தம்பி.

பாமணியாறு | 9.15
வெளியேறின ஐயா குறுவை நடவு பத்தி கவிதை போட்டார். நான் போட்ட கருத்து: "களை நிறைந்த கவிதை ஐயா. வரிக்கு வரி களை." அவருக்கு 76 வயசு, இன்னும் ஆறு மா நிலத்துல சொந்தமா பயிர் வைக்கிறார்.

குடமுருட்டி | 9.16
ரெண்டு தடவையா! அதுவும் நட்டு இருபது நாள்ல வயல்ல களை எடுக்க ஆள் கிடைக்காத நேரத்துல.

வெட்டாறு | 9.18
சிரிக்காதீங்க. கிளாஸை எடுத்துட்டுப் பாத்தீங்களா?

அரசலாறு | 9.25
கிளாஸுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க. தொடுகைக் கோளாறுன்னா பக்கத்து எழுத்து விழும். ஆங்கில எழுத்துக் கட்டையில 'எல்' பக்கத்துல 'கே', 'ஓ', 'பி'தான் இருக்கு. ல இருக்க வேண்டிய இடத்துல ள வந்திருக்குன்னா விரல் சரியாத்தான் விழுந்திருக்கு, சொல்தான் தப்பாத் தேர்வாகியிருக்கு.

ஒரு சோதனை பண்ணுங்க. குறிப்பு எழுதுற ஆப் ஒண்ணைத் திறந்து கே, ஏ, எல், ஏ, ஐ மட்டும் அடிங்க. ஸ்பேஸ் தட்டாதீங்க. மேலே பட்டையில வர்ற சொற்களை இடமிருந்து வலமா அப்படியே இங்க எழுதுங்க. இன்னொண்ணு: வேற எங்கயாவது 'களை'ன்னு அடிக்கடி அடிக்கிறீங்களா?

பாமணியாறு | 9.31
களை, கலை, காலை. இந்த வரிசையில வருது. விவசாயக் குழு ஒண்ணுல இருக்கேன். அங்க களைக்கொல்லி, கோனோவீடர்னு களை எடுக்கிற கருவி, இந்தப் பேச்சுதான் தினமும்.

அரசலாறு | 9.44
அதான் விஷயம். ஆங்கில எழுத்துல ல, ள ரெண்டுக்கும் நீங்க ஒரே 'எல்'தான் தட்டுறீங்க. எதுன்னு கீபோர்டுக்கு எப்படித் தெரியும்? ஊகிக்குது. நீங்க அதிகமாத் தேர்ந்தெடுத்த சொல்லை முன்னாடி கொண்டு வருது. ஸ்பேஸ் தட்டினா முதல்ல நிக்கிறது உள்ள போயிடும். விவசாயக் குழுவுல நீங்க பழக்கிவிட்டதைக் கவிதைக் குழுவுல அது நீட்டியிருக்கு, அவ்வளவுதான்.

இன்னைக்கு ராத்திரிக்குள்ள செய்யக்கூடியது: பட்டையில 'களை'யை அழுத்திப் பிடிங்க. சில கீபோர்டுல குப்பைத்தொட்டி படம் வரும், அதுக்குள்ள இழுத்து விடுங்க. கத்துக்கிட்டதுல அந்த ஒரு சொல் மட்டும் போகும். கீபோர்டு செட்டிங்ஸ்ல 'கத்துக்கொண்ட சொற்களை அழி'ன்னு ஒண்ணு இருக்கும், அதைத் தொடாதீங்க. உங்க ஊர்ப் பேரு, ஆட்கள் பேரு எல்லாம் சேர்த்து அழிஞ்சிடும், மறுபடி முதல்லேருந்து பழக்கணும்.

இது ஒட்டுப்போடுற வேலைதான். நாளைக்கே விவசாயக் குழுவுல நாலு தடவை களைன்னு அடிச்சா பழைய இடத்துக்கே வந்துடும். நிரந்தரமா வேணும்னா எழுத்துக்கு எழுத்து அடிக்கிற முறைக்கு மாறணும். கீபோர்டுல பல் சக்கரம் → மொழிகள் → தமிழ் → அங்க ரெண்டு மூணு அமைப்பு காட்டும். ஆங்கிலத்துல அடிக்கிறதை எடுத்துட்டு தமிழ் எழுத்தே கட்டையில தெரியுறதை வைங்க. ல வேணும்னா ல, ள வேணும்னா ள. ஊகம் பண்ண இடமே இல்ல.

தட்டச்சர் குடந்தை | 9.52
இதைத்தான் முதலிலேயே சொன்னேன். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டையொட்டி வந்து, அவ்வாண்டே அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை இருக்க, ஆங்கிலத்தைப் பிடித்துத் தொங்குவானேன்? மொத்தம் 31 எழுத்துகள்: 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம். உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். ள மேல் வரிசை, ல கீழ் வரிசை, ழ கீழ் வரிசையின் கடைசி. கை தவறிக்கூட ஒன்று மற்றொன்றாகாது. 'பக்கம்' என்பதற்கு ப, க, க, ம, பிறகு ஒரு புள்ளி. நடுவில் உள்ள புள்ளியைப் பலகையே வைத்துக்கொள்ளும்.

குடமுருட்டி | 9.58
முதல்ல நீங்க சொன்னது 'தேடிப் பார்க்கப் பொறுமை இல்லை'ங்கிறது மட்டும்தான் ஐயா.

கோரையாறு | 10.03
தமிழ்99 மேசைக் கணினிக்குப் போட்ட வரிசை. பத்து விரலும் கட்டை மேல நிக்கும்னு கணக்குப் பண்ணது. போன்ல ரெண்டு கட்டைவிரல். 31 எழுத்தையும் அந்த அகலத்துல அடைச்சா ஒவ்வொரு கட்டையும் ஆங்கிலக் கட்டையைவிட ஒல்லி. பெரியவங்க விரலுக்கு அது சரிப்படாது.

தட்டச்சர் குடந்தை | 10.07
கட்டைவிரலானாலும் இடது, வலது மாறி மாறித்தானே விழுகிறது? உயிர் ஒரு பக்கம், மெய் ஒரு பக்கம் என்ற அமைப்பு அங்கேயும் உதவும்.

கோரையாறு | 10.09
ஒரு கையில போனைப் பிடிச்சு ஒரு விரல்ல தட்டுறவங்களுக்கு?

அரசலாறு | 10.14
ரெண்டு பேர் சொல்றதும் சரிதான். கட்டை ஒல்லியாத் தெரிஞ்சா கீபோர்டு செட்டிங்ஸ்ல உயரத்தைக் கூட்டலாம், போனைப் படுக்க வச்சும் அடிக்கலாம். இது ரெண்டும் ஒத்து வரலைன்னா அஞ்சல் முறை இருக்கு. அதுவும் ஆங்கில எழுத்துதான், ஆனா ஊகம் கிடையாது: சின்ன 'எல்' ல, பெரிய 'எல்' ள, 'இசட்' ழ. சின்ன 'என்' ன, பெரிய 'என்' ண, 'டபிள்யூ' ந. சின்ன 'ஆர்' ர, பெரிய 'ஆர்' ற. ஐபோன்ல அஞ்சல், தமிழ்99 ரெண்டுமே போனோடயே வருது. ஆண்ட்ராய்டுல செல்லினம்ங்கிற கீபோர்டு ஆப் போட்டா ரெண்டும் கிடைக்கும்.

தமிழ்99க்குப் போறவங்க இதை மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க: ஒரே மெய்யை அடுத்தடுத்துத் தட்டினா முதல் எழுத்துக்குப் புள்ளி விழும். 'மமதை'ன்னு அடிக்கப் போனா 'ம்மதை' ஆயிடும். முதல் ம-வுக்கு அப்புறம் அ தட்டிட்டு அடுத்த ம தட்டணும்.

பாமணியாறு | 10.16
இப்ப அந்தப் பழைய செய்தியைத் திருத்த முடியுமா?

பூம்புகார் செல்வி | 10.22
வாட்ஸ்அப்பா? அனுப்பி 15 நிமிஷத்துக்குள்ளதான் திருத்தலாம். நேரம் தாண்டியிருக்குமே. எத்தனை மணிக்கு அனுப்பினீங்க? குழுவுல எத்தனை பேர், அட்மின் யாரு?

பாமணியாறு | 10.25
மத்தியானம் 1 மணி. 140 பேர். அழிச்சிடட்டுமா?

பூம்புகார் செல்வி | 10.31
அழிக்காதீங்க. இன்னும் அழிக்க முடியும், ஆனா 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது'ன்னு ஒரு வடு நிக்கும். அதை மேற்கோள் காட்டி யாரெல்லாம் பதில் போட்டிருக்காங்களோ அவங்க பதிலுக்கு மேல உங்க வரி அப்படியே இருக்கும். களைன்னு போட்டதை மறைக்கப் பாக்குறீங்கன்னு ஆகும்.

இன்னொரு சந்தேகம். குழுவை விட்டு ஒருத்தர் வெளியேறினா அறிவிப்பு அட்மினுக்கு மட்டும்தான் போகும். மத்தவங்க உறுப்பினர் பட்டியலைப் போய்ப் பாத்தாத்தான் தெரியும். அப்புறம் எப்படி 140 பேரும் சண்டை போடுறாங்க? யார் போய்ச் சொன்னது?

பாமணியாறு | 10.33
நான்தான் அட்மின். 'ஐயா ஏன் வெளியேறினீங்க'ன்னு குழுவுல கேட்டேன்.

குடமுருட்டி | 10.34
இதை 8.50க்கே சொல்லியிருக்கலாமே!

பூம்புகார் செல்வி | 10.48
சரி, அட்மின்னா வேலை சுலபம். வரிசை முக்கியம்.

முதல்ல ஐயாவுக்குப் போன் பண்ணுங்க. எழுதாதீங்க, குரல்ல சொல்லுங்க. இன்னைக்கு நேரமாயிடுச்சுன்னா காலையில. 'கீபோர்டு பண்ணிடுச்சு'ன்னு ஆரம்பிக்காதீங்க, 'படிச்சுப் பாக்காம அனுப்பிட்டேன், என் தப்பு'ன்னு ஆரம்பிங்க. கீபோர்டு கதையை அவர் கேட்டா சொல்லிக்கலாம்.

அதுவரைக்கும் குழு அனுமதியில செய்தி அனுப்புறதை அட்மின் மட்டும்னு வைங்க. ஐயாகிட்ட பேசினதுக்கு அப்புறம், உங்க பழைய செய்தியையே மேற்கோள் காட்டி ஒரே ஒரு திருத்தம்: 'கலை நிறைந்த கவிதை என்று எழுத நினைத்தேன், களை என்று பிழையாக அனுப்பிவிட்டேன், ஐயாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.' அதை மேலேயே நிக்கிற மாதிரி 'பின்' (pin) பண்ணி 24 மணி நேரம் வைங்க. விளக்கம், எதிர்விளக்கம் எதுவும் வேண்டாம்.

நீங்களா அவரைத் திரும்பச் சேர்க்காதீங்க. வர்றேன்னு அவர் வாயால சொன்னா லிங்க் அனுப்புங்க.

கடைசியா ஒண்ணு, இது கீபோர்டைவிடப் பெரிசு. 'வரிக்கு வரி கலை'ங்கிறது எந்தக் கவிதைக்கும் போடக்கூடிய கருத்து. அதனாலதான் ஒரு எழுத்து மாறினதும் அர்த்தமே தலைகீழாப் போச்சு. அவரோட வரி ஒண்ணை எடுத்துப் போட்டு, இந்த இடம் எனக்கு இதனால பிடிச்சுதுன்னு எழுதியிருந்தா, நடுவுல களைன்னு விழுந்திருந்தாலும் பிழைன்னு படிச்சவங்களே புரிஞ்சுக்கிட்டிருப்பாங்க.

வெண்ணாறு | 10.55
அட்மின் மட்டும்னு பூட்டுறது எனக்குச் சரியாப் படல அக்கா. வாயடைக்கப்பட்டவங்க பத்து பேர் தனிக் குழு தொடங்கிடுவாங்க. ஊர்ல பாதி கவிதைக் குழு இப்படி உடைஞ்சு வந்ததுதான்.

பூம்புகார் செல்வி | 10.58
அதுவும் உண்மைதான். அதனாலதான் காலை வரைக்கும்னு நேரம் குறிச்சு அறிவிச்சிட்டுப் பூட்டணும். சொல்லாமப் பூட்டினா நீங்க சொல்றதுதான் நடக்கும்.

வெண்ணாறு | 11.04
இன்னொரு வழி சொல்றேன். களைன்னா அழகு, பொலிவுன்னும் பொருள் இருக்கே! முகக்களை, களையான முகம், திருவிழா களைகட்டிச்சு. 'பொலிவு நிறைந்த கவிதைன்னுதான் எழுதினேன்'னு ஐயாகிட்ட சொல்லிட்டா முடிஞ்சுது.

தட்டச்சர் குடந்தை | 11.10
திருக்குறள் 550-இல் 'களைகட்டதனொடு நேர்' என்று வருகிறதே, அங்கே களைகட்டல் என்றால் களை பறித்தல். கொடியவர்களைத் தண்டிப்பது பயிரில் களை பறிப்பதைப் போன்றது என்கிறார் வள்ளுவர். பொலிவு எங்கிருந்து வந்தது?

வெண்ணாறு | 11.13
குறள்ல ஒரு பொருள், இன்னைக்குப் பேச்சுல ஒரு பொருள். ரெண்டும் வேற வேற களை. களைப்புன்னு சொல்றோமே, அது மூணாவது.

தட்டச்சர் குடந்தை | 11.15
'களைகட்டியது' என்று பேச்சு வழக்கில் திரிந்ததை இலக்கியக் குழுவில் ஆதாரமாகக் காட்டுவது...

கோரையாறு | 11.17
முகக்களை பேச்சு வழக்குன்னா, ஐயா கவிதை எழுதினதும் பேச்சு வழக்குலதான் இருக்கும்.

அரசலாறு | 11.21
அந்தப் பொருள் இருக்குங்கிறது சரி, ஆனா சமாதானத்துக்கு அதை எடுக்காதீங்க. குறுவைக் கவிதைக்குக் கீழே களைன்னா வயல்ல நிக்கிறவருக்குக் கோரையும் குதிரைவாலிப் புல்லும்தான் கண்ணுக்கு வரும். ஒரு பிழையை மூட ஒரு பொய் வேணாம்.

இன்னொண்ணு விட்டுப்போச்சு. அனுப்புறதுக்கு முன்னாடி கண்ணுல பட்டா எப்படித் திருத்துறதுன்னு. ள-வுக்கும் ஐகாரக் குறிக்கும் நடுவுல கர்சர் நிக்காது. பார்வைக்குக் குறி முன்னால இருந்தாலும் உள்ள ள முதல்ல, குறி அப்புறம். அதனால கர்சரை 'களை'க்குப் பின்னாடி கொண்டு போய் ரெண்டு தடவை பின்னழிப்பு. முதல் தட்டுல ஐகாரம் போய் 'கள' நிக்கும், ரெண்டாவதுல 'க'. அப்புறம் லை. விரலால கர்சர் வைக்க வராட்டி ஸ்பேஸ் கட்டை மேல விரலை வச்சு இடது வலதா நகர்த்துங்க, கூகுளோட ஜிபோர்டுல கர்சர் கூடவே நகரும். ஐபோன்ல ஸ்பேஸை அழுத்திப் பிடிச்சுட்டு நகர்த்தணும்.

வெட்டாறு | 11.26
எல்லாம் சரி. கிளாஸ்?

பாமணியாறு | மறுநாள் காலை 10.40
ஐயாகிட்ட பேசிட்டேன். லிங்க் அனுப்பச் சொல்லலை. திருத்தம் போட்டுப் பின் பண்ணிட்டேன், குழுவைத் திறந்தும் விட்டுட்டேன். கீபோர்டு மாத்தியாச்சு. நன்றி.

அரசலாறு | 10.52
எந்த அமைப்பு வச்சீங்க, தமிழ் எழுத்துக் கட்டையா, அஞ்சலா? குழுவுல மத்தவங்களும் கேப்பாங்க.

கொள்ளிடக்கரை | மாலை 4.15
எனக்கும் இதேதான். பள்ளின்னு அடிச்சா பல்லி வருது. சொந்தச் சொல் பட்டியல்ல பள்ளியைச் சேர்த்தா நிக்குமா?

அரசலாறு | 4.30
பட்டையில பல்லி முதல்ல நிக்கிற வரைக்கும் ஸ்பேஸ் தட்டினா பல்லிதான் போகும். சேர்க்கும்போது ஷார்ட்கட்னு ஒரு இடம் கேக்கும், அதுல வேற எந்தச் சொல்லுக்கும் வராத ரெண்டு மூணு எழுத்தாக் குடுங்க. அதை அடிச்சா பள்ளி பட்டையில வரும், ஸ்பேஸை நம்பாம அதையே தொட்டு எடுங்க. என்ன கீபோர்டு வச்சிருக்கீங்க?