கார் புளோயரில் காற்று வரவில்லை: கோத்தகிரி, குன்னூர் பக்கம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். கோத்தகிரியில் இருக்கிறேன். மூடுபனியில் காரின் முன்கண்ணாடி வெளுத்துவிடுகிறது. அதைத் தெளியவைக்க வேண்டிய காற்றோ கைக்குட்டையைக்கூட அசைக்க மறுக்கிறது. பழைய பெட்ரோல் கார். புளோயர் நான்கு வேகங்களிலும் சுழல்வதால் வேகத்தை மாற்றும் ரெசிஸ்டர் மீது சந்தேகமில்லை. சத்தம் மட்டும் பலம். ஹீட்டர், ஏசி இரண்டிலும் இதே கதைதான்.

கேபின் ஃபில்டரை உருவினேன்: மடிப்புகளுக்குள் சில்வர் ஓக் இலைத்தூள், ஓரத்தில் எலி கொறித்த பஞ்சு. ஃபில்டரே இல்லாமல் ஓட்டியும் பெரிய மாற்றமில்லை. உள்காற்றுச் சுழற்சிக்கு மாற்றினாலும் அப்படியே. ஆகவே வைப்பருக்குக் கீழுள்ள காற்றுவாய் மட்டும் அடைத்திருக்க வழியில்லை. முகம், கால், கண்ணாடி என எங்கே திருப்பினாலும் ஒரே அளவு குறைவு. என் கணிப்பில் எவாப்பரேட்டர் (ஏசியில் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) இதழ்களில் அழுக்கு, அல்லது புளோயர் விசிறிக்குள் எலிக்கூடு.

டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். அதன்பின் இந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் அது கடகடக்காமல் இருக்குமா? புளோயர் மோட்டாரை மட்டும் இறக்கி, அந்த வழியாகக் கேமரா விட்டுப் பார்க்க முடியாதா? குன்னூரிலோ மேட்டுப்பாளையத்திலோ அப்படிச் செய்பவர் உண்டா? எவாப்பரேட்டரை ஃபோம் தெளித்துக் கழுவியவர்கள், அழுக்குத் தண்ணீர் வடிகுழாய் வழியே ஒழுங்காக இறங்கியதா என்பதையும் சொல்லுங்கள்.