ரஸ்ட்: யூனிகோட் அல்லாத கோப்புப் பெயர் ஆர்கியுமென்ட்டாக வந்தால் என்ன செய்கிறீர்கள்?

வணக்கம். ரஸ்ட் நிரல்மொழியில் சின்னதாக ஒரு கமாண்ட் லைன் கருவி எழுதுகிறேன். இயக்கும்போது கொடுக்கும் ஆர்கியுமென்ட்டுகள்: சில கோப்புப் பெயர்கள், இரண்டு மூன்று ஆப்ஷன்கள், அவ்வளவுதான்.

லினக்ஸில் கோப்புப் பெயர் யூடிஎஃப்-8 (யூனிகோடை பைட்டுகளாக எழுதும் முறை) ஆகத்தான் இருக்க வேண்டும் என்று விதி கிடையாது. பூஜ்ய பைட்டும் சாய்கோடும் தவிர எந்த பைட்டும் வரலாம். அப்படி ஒரு பெயரைக் கொடுத்தால் ஆர்கியுமென்ட்டுகளைப் படிக்கும் ‘என்வ்::ஆர்க்ஸ்’ அங்கேயே பேனிக் ஆகி நிரல் நின்றுவிடுகிறது.

சரி என்று ‘ஆர்க்ஸ்_ஓஎஸ்’ பக்கம் போனேன்; அது யூனிகோடாக இருக்க வேண்டும் என்று கேட்காமல், ஓஎஸ்ஸ்டிரிங் என்ற வகையில் தருகிறது. தனியாக வரும் பெயரை அப்படியே பாத்பஃப் (கோப்புப் பாதைக்கான வகை) ஆக்க முடிகிறது. ஆனால் ‘--அவுட்புட்=பெயர்’ என்று ஒட்டி வந்தால்தான் தலைவலி: ஓஎஸ்ஸ்டிரிங்கைச் சமக்குறியில் பிரிக்க நேரான வழி இல்லை. யூனிக்ஸில் பைட்டுகளாக எடுத்து வெட்டிவிடலாம், விண்டோஸில் அந்த வசதி கிடையாது. ரஸ்ட் 1.74இல் வந்த ‘ஆஸ்_என்கோடட்_பைட்ஸ்’ இருக்கிறது, அது விண்டோஸிலும் உள்ளிருக்கும் பைட்டுகளைத் தரும். ஆனால் வெட்டியதைத் திரும்ப ஓஎஸ்ஸ்டிரிங் ஆக்க அன்சேஃப் (பாதுகாப்பைக் கம்பைலர் உறுதிசெய்யாத குறியீடு) வேண்டும். ஒரு சமக்குறிக்காக அன்சேஃப் எழுத மனசு வரவில்லை.

ஆர்கியுமென்ட்டுகளைப் பிரித்துத் தரும் கிளாப் நூலகம் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும், தெரியும். மூன்று ஆப்ஷனுக்கு அது ரொம்பப் பெரிது என்று நினைக்கிறேன் (கம்பைல் நேரமும் கூடும்). அதே வேலைக்கான சின்ன நூலகமான லெக்ஸ்ஆப்ட்டைப் பயன்படுத்தியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: இப்படி ஒட்டி வரும் மதிப்பை விண்டோஸிலும் சிதையாமல் தருகிறதா? வேறு சின்ன கிரேட் (ரஸ்ட் நூலகம்) இருந்தாலும் சரி.