மூட் கோர்ட் மெமோவில் அமெரிக்கத் தீர்ப்புகள்: எது நிற்கும், எது நிற்காது?

தரமணி மாணவி:
வணக்கம். சட்ட மாணவர்களின் மாதிரி வழக்காடு போட்டிக்கு (மூட் கோர்ட்) எங்களுக்குக் கொடுத்திருக்கும் கற்பனை வழக்கு, அதாவது ப்ராப்ளம், இது. சென்னையில் பொதுக்கூட்டம். "கோரிக்கையைக் கேட்காவிட்டால் அடுத்த மாதம் அலுவலகத்தை முற்றுகையிட்டு இழுத்துப் பூட்டுவோம்" என்கிறார் பேச்சாளர். ஓர் அதிகாரி லஞ்சம் வாங்கினார் என்றும் சொல்கிறார். சொன்ன தொகை தவறு. போலீஸ் வழக்குப் பதிகிறது. அதிகாரி கிரிமினல் அவதூறுப் புகாரும் கொடுத்து, நஷ்டஈடும் கேட்கிறார். வீடியோவை இணையதள நிறுவனம் நீக்கிவிடுகிறது. நாங்கள் பேச்சாளர் தரப்பு. எங்கள் எழுத்து வாதமான மெமோவின் முதல் வாதமே, தூண்டும் பேச்சு பற்றிய அமெரிக்காவின் பிராண்டன்பர்க் தீர்ப்பில்தான் ஆரம்பிக்கிறது. "அமெரிக்கத் தீர்ப்பு இங்கே எடுபடாது, எல்லாவற்றையும் தூக்கு" என்கிறார் சீனியர். தூக்கத்தான் வேண்டுமா?

பாரிமுனை கறுப்புக்கோட்டு:
சீனியர் சொல்வதில் பாதி சரி. தூக்க வேண்டாம், இடத்தை மாற்றுங்கள்.

முதலில் அமெரிக்காவில் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதில் தெளிவு வேண்டும். அந்நாட்டு அரசமைப்பில் 1791-ல் வந்த முதல் திருத்தம், பேச்சுரிமையைக் குறுக்கும் சட்டத்தைக் காங்கிரஸ் (அவர்கள் நாடாளுமன்றம்) இயற்றவே கூடாது என்கிறது. "நியாயமான கட்டுப்பாடு" என்ற பேச்சே அதில் இல்லை. எந்தப் பேச்சுக்குப் பாதுகாப்பு இல்லை என்பதை நீதிமன்றங்கள்தான் வழக்கு வழக்காகச் செதுக்கின. இங்கே அரசமைப்பின் 19-வது பிரிவு பேச்சுரிமை தருகிறது; அதைக் கட்டுப்படுத்த 19(2)-ல் எட்டுக் காரணங்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள். அதனால் நம் நீதிபதி கேட்கப்போகும் முதல் கேள்வி, "எட்டில் எது?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்லாமல் பிராண்டன்பர்க் வழக்கு நடந்த ஒஹாயோவுக்குப் போனால் பெஞ்ச் உங்களை அங்கேயே விட்டுவிடும்.

முற்றுகைப் பேச்சுக்கு, நம் உச்ச நீதிமன்றத்தின் 2015 ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பில் தொடங்குங்கள். விவாதம், ஆதரித்துப் பேசுதல், தூண்டுதல் என்று மூன்றாகப் பிரித்து, தூண்டுதல் நிலைக்கு வந்த பிறகே 19(2) உள்ளே வரும் என்றது அந்தத் தீர்ப்பு. அதற்குத் துணையாக 1969 பிராண்டன்பர்க். அங்கே பேசியவர் கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் தலைவர்; அவருக்கு விதித்த தண்டனையையே ரத்து செய்தார்கள். உடனடிச் சட்டமீறலைத் தூண்டும் நோக்கம் வேண்டும், அது நடக்கும் வாய்ப்பும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் தண்டிக்கலாம். உங்களுக்கு அதைவிட நெருக்கமானது 1973 ஹெஸ் எதிர் இண்டியானா. "அப்புறம் தெருவைப் பிடிப்போம்" என்கிற மாதிரி கத்திய போராட்டக்காரரை விடுவித்தார்கள். காலம் குறிக்காமல் பின்னால் எப்போதோ செய்வதாகச் சொல்வது உடனடித் தூண்டுதல் ஆகாது என்பது காரணம். உங்கள் ஆள் "அடுத்த மாதம்" என்கிறார். உடனடி இல்லை என்று நீங்கள் வாதாடலாம், ஆனால் தேதி குறித்துவிட்டாரே என்று எதிர்த்தரப்பு பிடிக்கும். பதிலைத் தயாராக வையுங்கள்.

அண்ணாநகர் வாசகர்:
மேலே சொன்னதில் ஒரு குழி இருக்கிறது. பிராண்டன்பர்க்கை நம்பி 2011-ல் வந்த அருப் புயான் தீர்ப்பைப் பல மெமோக்களில் இன்னும் பார்க்கிறேன். 2023 மார்ச்சில் மூன்று நீதிபதிகள் பெஞ்ச் அதைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. இரு நாட்டுச் சட்ட அமைப்பும் வேறு என்பதைப் பார்க்காமல் அமெரிக்கத் தீர்ப்புகளை அப்படியே எடுத்தது தவறு என்பதும் அதில் ஒரு காரணம். உங்கள் சீனியர் மனதில் இருப்பது இதுவாகத்தான் இருக்கும். அருப் புயான் தடைசெய்யப்பட்ட அமைப்பில் உறுப்பினராக இருப்பது பற்றிய வழக்கு, ஷ்ரேயா சிங்கால் பேச்சு பற்றியது, ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பு ரத்தாகவில்லை என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

எனக்குக் கேட்டால் நம்ம ஊர் வழக்குகளே போதும். 1950 ரொமேஷ் தாப்பர் வழக்கு சென்னை மாகாண அரசு 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகையை உள்ளே விடாததால் வந்தது. அன்றைக்கு 19(2)-ல் "பொது ஒழுங்கு" இல்லை, தடை செல்லாது என்றார்கள். மறு ஆண்டே அரசமைப்பைத் திருத்தி அந்தச் சொல்லைச் சேர்த்தார்கள். "நியாயமான" என்ற சொல்லும் அப்போதுதான் வந்தது. திராவிட நாடு கோரிக்கை நடந்த காலத்தில், 1963-ல், "இறையாண்மை, ஒருமைப்பாடு" சேர்ந்தது. இந்த வரலாறு தெரியாமல் ஒப்பிட்டால் ஒப்பீடு காற்றில் நிற்கும்.

1989 ரங்கராஜன் வழக்கை விடாதீர்கள். 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, உச்ச நீதிமன்றம் திருப்பிக் கொடுத்தது. கலவரம் வரும் என்ற மிரட்டலுக்கு அரசு பணியக்கூடாது, பேச்சுக்கும் ஆபத்துக்கும் உள்ள தொடர்பு வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறி போல இருக்க வேண்டும் என்றது. அதே தீர்ப்பு, முதல் திருத்த வழக்குகள் பரந்த கொள்கைக்கு மட்டுமே உதவும் என்றும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்து மேற்கோள் காட்டுவதுதான் நேர்மை, பாதுகாப்பும்கூட.

தரமணி மாணவி:
மிக்க நன்றி. அவதூறுக்கு அமெரிக்காவின் சல்லிவன் தீர்ப்பைப் போடலாமா? தொகை தவறு என்பதுதான் இடிக்கிறது.

பாரிமுனை கறுப்புக்கோட்டு:
தொகை தவறு என்பதற்காகவே சல்லிவன் பொருந்தும். 1960-ல் நியூயார்க் டைம்ஸில் வந்த விளம்பரத்தில் மார்ட்டின் லூதர் கிங் ஏழு முறை கைதானார் என்று இருந்தது. உண்மையில் நான்கு முறை. மாணவர்கள் பாடிய பாட்டைக்கூடத் தப்பாகப் போட்டிருந்தார்கள். சல்லிவன் என்ற அதிகாரி வழக்குப் போட, அலபாமா ஜூரி 5 லட்சம் டாலர் நஷ்டஈடு விதித்தது. 1964-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பொது அதிகாரி நஷ்டஈடு வாங்க, பொய் என்று தெரிந்தே சொன்னார் அல்லது உண்மையைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாமல் சொன்னார் என்று நிரூபிக்க வேண்டும்.

அதை இங்கே கொண்டுவந்தது 1994 ராஜகோபால் தீர்ப்பு, நக்கீரன் - ஆட்டோ சங்கர் வழக்கு. அதிகாரியின் பணி சம்பந்தப்பட்ட பேச்சு என்றால், நியாயமான அளவு சரிபார்த்தேன் என்று காட்டினாலே போதும். ஆகவே பேச்சாளர் என்ன ஆவணம் பார்த்தார் என்று ப்ராப்ளத்தில் தேடுங்கள்; இல்லையென்றால் வாதம் பலவீனம். ஒன்றை மறக்க வேண்டாம்: கிரிமினல் அவதூறை ராஜகோபால் தொடவில்லை. அமெரிக்காவில் 1964 கேரிசன் தீர்ப்பு சல்லிவன் விதியைக் கிரிமினலுக்கும் நீட்டியது. இங்கே 2016 சுப்பிரமணியன் சுவாமி தீர்ப்பு கிரிமினல் அவதூறு செல்லும் என்றுவிட்டது. ஆக, நஷ்டஈட்டுக்கு ராஜகோபால், இப்போதைய குற்றவியல் சட்டமான பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 356-வது பிரிவான அவதூறுக்கு அந்தப் பிரிவிலேயே உள்ள விதிவிலக்குகள். இரண்டையும் ஒரே தலைப்பில் குழப்பினால் மார்க் போய்விடும்.

நூலகப்பூனை:
வீடியோ விஷயத்தை யாரும் தொடவில்லை. பட்டனை அமுக்கியது யார் என்று பாருங்கள். முதல் திருத்தம் அரசை மட்டுமே கட்டும். தனியார் தளம் தானாக நீக்கினால் அங்கே அரசமைப்பு வழக்கே இல்லை. தளம் எதை வைத்துக்கொள்வது என்று தேர்வதும் அதன் பேச்சுதான் என்று 2024 நெட்சாய்ஸ் தீர்ப்பு சொல்கிறது. அரசு அதிகாரி பின்னால் இருந்து மிரட்டினார் என்றால் கதை வேறு, அதற்கு 2024 வுல்லோ தீர்ப்பு. இங்கே 2023 கௌஷல் கிஷோர் வழக்கில் பெரும்பான்மை நீதிபதிகள் 19-ஐத் தனியார் மீதும் நிலைநாட்டலாம் என்றார்கள். உங்கள் தரப்புக்கு அமெரிக்காவைவிட நம் சட்டம் சாதகமாக இருக்கும் இடம் இது ஒன்றுதான். ப்ராப்ளத்தில் ஐ.டி. சட்டம் 69ஏ உத்தரவு (இணையத்தில் உள்ளதை முடக்கச் சொல்லும் அரசு உத்தரவு) இருந்ததா என்று ஒருமுறை பாருங்கள்; இருந்தால் தனியார் வாதமே தேவைப்படாது.