இங்கிலாந்தில் பெரியப்பா வீடு காலியாகக் கிடக்கிறது. அந்த ஊர் கவுன்சிலுக்கு என் சிங்கப்பூர் பிடோக் முகவரி எப்படிப் போனது?

பிடோக்வாசி | 2025 மே 11

வணக்கம். சங்கதி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பெரியப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். 1971-இல் பிரிட்டிஷ்காரர்கள் மூட்டை கட்டியபோது அவரும் கூடவே இங்கிலாந்துக்குப் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. போன வருடம் பிப்ரவரியில் தவறிவிட்டார். உயிலை நிறைவேற்றும் பொறுப்பை என் தலையில் வைத்திருந்தார். வக்கீல் வைக்காமல் நானே விண்ணப்பித்து அக்டோபரில் புரோபேட் (உயிலை நிறைவேற்ற அனுமதிக்கும் பத்திரம்) வாங்கினேன். வீட்டை விற்பதா வாடகைக்கு விடுவதா என்று அம்மாவும் நானும் இன்னும் முடிவு செய்யவில்லை. பத்திரம்கூட பெரியப்பா பெயரிலேயே இருக்கிறது.

போன வாரம் ஒரே நாளில் லெட்டர்பாக்ஸில் இரண்டு கடிதம். ஒன்று அந்த ஊர் கவுன்சிலின் (நம் நகராட்சி மாதிரி) 'எம்ப்டி ஹோம்ஸ் ஆபீசர்', அதாவது காலி வீடுகளைக் கவனிக்கும் அதிகாரி, அனுப்பியது. வீடு ஏன் காலியாக இருக்கிறது, எப்போது ஆள் குடியேறும், பழுதுபார்க்கப் பண நெருக்கடி இருக்கிறதா, என் பிறந்த தேதி என்ன, கைப்பேசி எண் என்ன என்று நான்கு பக்கப் படிவம். கீழே பொடி எழுத்தில், விவரங்களைக் காவல்துறை, தீயணைப்பு என்று பிற அமைப்புகளோடு பகிரக்கூடும் என்று ஒரு வரி. இன்னொன்று ஏதோ கம்பெனி: உங்கள் வீட்டை இருக்கிற நிலையிலேயே ரொக்கத்துக்கு வாங்கிக்கொள்கிறோம்.

இரண்டும் சேர்ந்து வந்ததால்தான் சந்தேகம். கவுன்சில் என் விவரத்தை அந்தக் கம்பெனிக்கு விற்றுவிட்டதா? படிவத்தை நிரப்பலாமா? இது போக, ஏப்ரலில் வந்த கவுன்சில் டாக்ஸ் (வீட்டு வரி) பில் வேறு இரு மடங்காக இருக்கிறது.

ஈசூன்_மாமா | மே 11

தம்பி, ரெண்டுமே ஸ்கேம்தான் லா. பிறந்த தேதி, போன் நம்பர் கேட்டாலே குப்பைத் தொட்டிதான். சந்தேகமா இருந்தா நம்ம ஊர் மோசடி உதவி எண் 1799-க்கு அடிச்சுக் கேளு. ஒண்ணும் நிரப்பாதே.

கிளமெண்டி_கயல் | மே 11

மாமா, தூக்கிப்போடச் சொல்லாதீங்க. என் நாத்தனாருக்கும் இப்படித்தான் ஒரு கடிதம் வந்தது, அது நிஜமான கவுன்சில் கடிதம். கடிதத்தில் இருக்கிற எண்ணைக் கூப்பிடாமல் கவுன்சிலின் சொந்த இணையதளத்தில் எண்ணைத் தேடி எடுத்து, கடிதத்தில் உள்ள குறிப்பு எண்ணைச் சொல்லிக் கேட்டால் இரண்டு நிமிஷ வேலை.

பிடோக்வாசி, ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். இரண்டு கடிதத்திலும் உங்கள் பெயர் ஒரே மாதிரி எழுதியிருக்கிறதா? முகவரி?

பிடோக்வாசி | மே 12

நல்ல கேள்வி. கவுன்சில் கடிதத்தில் என் பெயர் மட்டும் இருக்கிறது, அப்பா பெயர் இல்லை. புளோக் எண்ணும் வீட்டு எண்ணும் இடம் மாறிக் கிடக்கிறது. கம்பெனி கடிதத்தில் ஐசியில் (அடையாள அட்டை) இருக்கிற மாதிரியே எஸ்/ஓ, அதாவது 'இன்னாரின் மகன்', போட்டு முழுப்பெயர். அதைவிட, கடிதமே 'டியர் மிஸ்டர் எஸ்ஓ' என்றுதான் தொடங்குகிறது. நேற்றிலிருந்து அம்மா என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்.

கவுன்சிலைக் கூப்பிட்டேன். கடிதம் உண்மைதான்.

பழைய_கோப்பு | மே 12

நான் இங்கிலாந்தில் ஒரு கவுன்சிலில் வீட்டுவசதிப் பிரிவில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். மிஸ்டர் எஸ்ஓ பாதி விடையை ஏற்கெனவே கொடுத்துவிட்டார்.

இங்கிலாந்தில் புரோபேட் பத்திரமும் உயிலும் பொது ஆவணம். கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் நகல் வாங்கலாம். நிறைவேற்றுபவரின் பெயரும் முகவரியும் அந்தப் பத்திரத்திலேயே இருக்கும். புதிதாக வந்த பத்திரங்களைச் சலித்தெடுத்து வாரிசுகளுக்குக் கடிதம் போடுவதையே தொழிலாக வைத்திருக்கும் கம்பெனிகள் உண்டு. விண்ணப்பத்தில் ஐசிப்படி எஸ்/ஓ போட்டிருப்பீர்கள், சரியா? அங்கே இருப்பவருக்கு அது என்னவென்று தெரியாது, குடும்பப் பெயர் என்று நினைத்திருப்பார். லேண்ட் ரெஜிஸ்ட்ரி (சொத்துப் பதிவகம்) பதிவையும் 7 பவுண்டு கட்டி யாரும் எடுக்கலாம், ஆனால் அதில் இன்னும் உங்கள் பெரியப்பாதானே இருக்கிறார். அதனால் அது இல்லை.

கவுன்சிலுக்கு முகவரி கொடுத்தது நீங்களேதான். பெரியப்பா தவறியபின் கவுன்சில் டாக்ஸ் விலக்கு கேட்டிருப்பீர்களே, நினைவிருக்கிறதா?

பிடோக்வாசி | மே 12

அட ஆமாம். போனில் கேட்டார்கள், சொன்னேன். புளோக் எண் குழம்பியது அங்கேதான் போலிருக்கிறது. ஆனால் வரிக்காகக் கொடுத்ததை வேறு பிரிவுக்காரர் எடுத்துக் கடிதம் போடலாமா?

பழைய_கோப்பு | மே 12

போடலாம், ஆனால் அளவோடு. வரிக்கென்று வாங்கிய விவரத்தை வேறு வேலைக்கு எடுப்பது முன்பு பெரிய சிக்கல். 2003-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 85-ஆம் பிரிவு ஒரு சின்னக் கதவைத் திறந்தது. காலி வீடுகளைக் கண்டுபிடிக்கவும், அவற்றைத் திரும்பப் புழக்கத்துக்குக் கொண்டுவரவும் வரிப் பிரிவின் விவரத்தைப் பயன்படுத்தலாம். ஆனால் ஆளைப் பற்றிய தகவல் என்றால் பெயர், முகவரி, தொடர்பு எண் இவ்வளவுதான். உங்கள் வங்கிக் கணக்கு, வரி பாக்கி எல்லாம் அந்தக் கதவு வழியாக வராது. நான் வேலையில் இருந்தபோது வரிப் பிரிவு அம்மணி இந்த மூன்றுக்கு மேல் ஒரு எழுத்துகூடத் தரமாட்டார். அப்போது எரிச்சலாக இருக்கும்.

இதற்கு உங்கள் சம்மதம் தேவையில்லை. சட்டம் கொடுத்த பொதுப்பணி என்ற அடிப்படையில் செய்கிறார்கள். அதனால் 'சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன்' என்று எழுதினால் பயன் இருக்காது.

படிவம்: தலைப்பைப் பாருங்கள். வெறும் கேள்வித்தாள் என்றால் நிரப்புவது உங்கள் விருப்பம். 1976 உள்ளாட்சிச் சட்டத்தின் 16-ஆம் பிரிவைச் சொல்லி வந்த அறிவிப்பு என்றால் கதை வேறு. வீட்டில் உங்களுக்கு என்ன உரிமை, வேறு யாருக்குப் பங்கு என்று குறித்த கெடுவுக்குள் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாவிட்டாலும் பொய் சொன்னாலும் குற்றம், அபராதம் உண்டு. மாமா சொன்னபடி குப்பையில் போடுவது அங்கேதான் ஆபத்து.

பிடோக்வாசி | மே 13

கேள்வித்தாள்தான். 16-ஆம் பிரிவு எங்கேயும் இல்லை.

பழைய_கோப்பு | மே 13

அப்படியானால் வீட்டின் நிலை, உங்கள் திட்டம், ஒரு மின்னஞ்சல் முகவரி போதும். பிறந்த தேதியும் பண நெருக்கடியும் வெற்றாக இருக்கட்டும். பதிலே போடாமல் இருக்காதீர்கள். பதில் இல்லாத வீடுதான் பட்டியலில் மேலே ஏறும்.

தெம்பனிஸ்_அக்கா | மே 13

நம்ம ஊர் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் புகார் கொடுக்க முடியாதா? முகவரி இங்கேதானே இருக்கு.

கிளமெண்டி_கயல் | மே 13

அக்கா, 2012-இல் வந்த அந்தச் சட்டம் நம் அரசாங்க அமைப்புகளையே கட்டுப்படுத்தாது. அவர்களுக்கு 2018-இல் தனியாக ஒரு சட்டம் வந்தது. வெளிநாட்டு கவுன்சிலை அது எங்கே தொடப்போகிறது? பிடோக்வாசி பிடிக்கவேண்டிய கயிறு அந்த ஊர் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர். பிரிட்டிஷ் குடிமகனாக இருக்கவேண்டும் என்பதில்லை.

காலி வீடு என்றதும் நினைவு வருகிறது. ஆளில்லாத வீட்டுக்குச் சொத்து வரியைத் திருப்பித் தரும் சலுகை இங்கேயும் இருந்தது, 2014 ஜனவரியோடு போய்விட்டது. அங்கே ஒரு படி மேலே போய் இரு மடங்கு கேட்கிறார்கள்.

பழைய_கோப்பு | மே 13

கயல் சொன்னது சரி. கவுன்சிலின் தகவல் பாதுகாப்பு அதிகாரிக்கு ஒரு 'சப்ஜெக்ட் அக்சஸ் ரிக்வெஸ்ட்' (என் விவரத்தைக் காட்டு என்ற விண்ணப்பம்) அனுப்புங்கள். கட்டணம் இல்லை. ஒரு மாதத்துக்குள் பதில் தரவேண்டும், சிக்கலான கேள்வி என்றால் இன்னும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள், எங்கிருந்து வந்தது, யாருக்குக் கொடுத்தீர்கள் என்று மூன்றையும் கேளுங்கள். பெரியப்பாவின் விவரம் இதில் வராது, அந்தச் சட்டம் உயிரோடு இருப்பவர்களுக்குத்தான்.

கவுன்சில் உங்கள் விவரத்தை அந்தக் கம்பெனிக்கு விற்றுவிட்டதா என்று முதலில் கேட்டீர்கள். காலி வீட்டுப் பட்டியலைத் தகவல் அறியும் சட்டத்தில் பலர் கேட்பார்கள், எண்ணிக்கை கிடைக்கும். முகவரிப் பட்டியலை லண்டனின் கேம்டன் கவுன்சில் தரமாட்டேன் என்று தீர்ப்பாயம் வரை போனது. 2011-இல் கொடு என்று உத்தரவு, 2013-இல் கொடுக்கவேண்டாம் என்று மாறியது. காலி வீடு எது என்று தெரிந்தால் திருடனுக்கும் அத்துமீறிக் குடியேறுபவனுக்கும் வசதி என்பது வாதம். தனி ஆள் பெயர் என்றால் பேச்சே இல்லை.

பில் இரு மடங்கானதுக்குக் காரணம், ஒரு வருடம் காலியாக இருந்தாலே 100 சதவீதம் கூடுதல் போடலாம் என்று 2024 ஏப்ரலில் வந்த விதி. ஆனால் இந்த ஏப்ரலிலிருந்து, இறந்தவர் வீட்டுக்குப் புரோபேட் கிடைத்த நாளிலிருந்து 12 மாதம் அந்தக் கூடுதலைப் போடக்கூடாது. புரோபேட் நகலை அனுப்பினால் அக்டோபர் வரை தப்பலாம். சாதாரண வரி உண்டு.

பிடோக்வாசி | ஜூன் 29

தாமதத்துக்கு மன்னிக்கவும். கவுன்சிலுக்கு அனுப்பிய ரிக்வெஸ்ட்டுக்குப் பதில் ஜூன் 13-இல் வந்தது, கெடுவுக்கு ஒரு நாள் முன்னால்.

பெயர், முகவரி, எண் மூன்றும் வரிப் பிரிவிலிருந்து வந்தவை. அதைக் கேட்ட மின்னஞ்சலும் இருக்கிறது, பழைய_கோப்பு சொன்ன பிரிவு எண்ணோடு. வெளியே யாருக்கும் கொடுக்கவில்லை என்று எழுத்தில் தந்திருக்கிறார்கள். கூடுதல் வரியையும் எடுத்துவிட்டார்கள்.

இரண்டு விஷயம் எதிர்பாராதது. அம்மாவை வீட்டின் இணை உரிமையாளர் என்று போட்டிருந்தார்கள். ஒருமுறை குப்பைத் தொட்டி விஷயமாக அம்மா அவர்களைக் கூப்பிட்டாராம், அதிலிருந்து முளைத்த குழப்பம். திருத்தச் சொல்லி எழுதினேன், திருத்திவிட்டார்கள். இரண்டாவது, எல்லாம் தொடங்கியதே ஒரு புகாரில். கூரை நீர்க்குழாய் உடைந்து பக்கத்து வீட்டுச் சுவரில் தண்ணீர் இறங்குகிறதாம். புகார் கொடுத்தவர் பெயர் மேல் கறுப்பு மை.

பழைய_கோப்பு | ஜூன் 29

அது அவருடைய தனிப்பட்ட விவரம், அதனால் மறைப்பார்கள். தோண்டாதீர்கள்.

பிடோக்வாசி | ஜூன் 29

தோண்ட என்ன இருக்கிறது, அந்தப் பக்கம் ஒரே ஒரு வீடுதான். போன தடவை போனபோது தேநீர் கொடுத்த பாட்டி. நேரில் சொல்லத் தயங்கியிருப்பார்.

கம்பெனிக்கும் விளம்பரக் கடிதம் வேண்டாம் என்று எழுதிவிட்டேன். எழுதிய பிறகும் ஒன்று வந்தது. டியர் மிஸ்டர் எஸ்ஓ. அம்மா அதை ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்திருக்கிறார்.

ஈசூன்_மாமா | ஜூன் 30

மிஸ்டர் எஸ்ஓ, ஸ்கேம்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். பாதி. அந்தக் குழாயை சரி பண்ண ஆள் கிடைச்சாச்சா?

பிடோக்வாசி | ஜூன் 30

வியாழக்கிழமை வருகிறார். சாவி பாட்டியிடம்தான் இருக்கிறது.