கற்பனை நாகரிகத்தின் கண்காட்சி: உண்மையை வாயிலிலேயே சொல்லிவிட வேண்டுமா?

கேள்வி – சுடுமண் கலைஞர், பாலக்கோடு

வணக்கம். ஒருபோதும் இருந்திராத ஒரு நாகரிகத்தின் தொல்பொருள்கள் என்று பெயரிட்டு, நான் செய்த அறுபது சுடுமண் பொருள்களைத் தருமபுரியில் காட்சிக்கு வைக்கவிருக்கிறேன். இட்லித் தட்டை அச்சாகக் கொண்டு எடுத்த பலகைக்கு 'நான்கு குழி நேர்ச்சைத் தட்டு' என்றும், பழைய மொபெட்டின் பற்சக்கரம் பதிந்த வட்டுக்கு 'நாள் கணிக்கும் சக்கரம்' என்றும் விளக்க அட்டை எழுதியிருக்கிறேன். இவை கற்பனை என்று வாயிலிலேயே அறிவித்தால் சுவை கெட்டுவிடும் என்கிறார் நண்பர். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மறுமொழி – ஓவிய ஆசிரியர், ஓசூர்

நண்பர் சொல்வதில் நியாயம் உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கலைஞர் நார்மன் டேலி 1972-இல் 'லூரோஸ்' என்னும் நாகரிகத்தையே படைத்து, வீட்டில் புழங்கும் சாமான்களிலிருந்து அதன் தொல்பொருள்களைச் செய்து காட்டினார். 2017-இல் வெனிஸில் ஆங்கிலேயக் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட், மூழ்கிய கப்பலின் புதையல் என்று வைத்தவற்றுள் பவளம் படிந்த மிக்கி மவுஸும் நின்றது. கப்பலுக்கு உரியவராகச் சொல்லப்பட்டவரின் பெயரெழுத்துகளை இடம் மாற்றினால் 'நான் கற்பனை' என்னும் ஆங்கிலத் தொடர் கிடைக்கும். பார்ப்பவரே கண்டுபிடிப்பதில்தான் இன்பம். உங்கள் இட்லித் தட்டை நம்மூரில் யாருக்குத்தான் தெரியாது?

மறுமொழி – ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், கிருஷ்ணகிரி

இட்லித் தட்டைப் பற்றி எனக்குக் கவலையில்லை. மற்ற ஐம்பத்தொன்பதைப் பற்றித்தான் கவலை. இது வெனிஸ் அன்று. இங்கே நடுகல்லை வேடியப்பன் என்று இன்றும் கும்பிடுகிறார்கள். நம் மாவட்டத்து மயிலாடும்பாறையில் அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் ஏறத்தாழ 4,200 ஆண்டுகள் என்று 2022-இல் அறிவிக்கப்பட்டதிலிருந்து, உழும்போது ஓர் ஓடு தட்டுப்பட்டாலும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அந்தப் படங்களோடு உங்கள் பானையும் கலந்தால், விளக்க அட்டை அதனோடு கூடவே போகாது.

ஆகவே பழந்தமிழ் எழுத்தான தமிழியைக் கீறாதீர்கள், வேறு எழுத்தைப் புனையுங்கள். கலத்தைக் கவிழ்த்துச் சுட்டு உட்புறத்தையும் வாய்ப்பகுதியையும் கறுப்பாக்கும் கறுப்பு-சிவப்பு முறையையும் விட்டுவிடுங்கள். பழங்கால ஈமக்காடுகளில் கிடைப்பது அவ்வகைக் கலமே. ஒட்டிய சீட்டு உதிர்ந்துவிடும் என்பதால், மண் ஈரமாக இருக்கும்போதே உங்கள் பெயரையும் ஆண்டையும் அடியில் கீறிவிட்டுச் சுடுங்கள். அறிவிப்புப் பலகை வாயிலில் இல்லாவிட்டாலும் வெளியேறும் வழியில் கட்டாயம் இருக்கட்டும்.

கேட்டவர்

நன்றி ஐயா. பலகையை வெளியேறும் வழியில், கண்மட்டத்தில் வைக்கிறேன். கறுப்பு-சிவப்பில் ஏற்கெனவே சுட்டுவிட்ட ஏழு கலயங்களைக் காட்சியிலிருந்து எடுத்துவிட்டேன். அவற்றுள் ஒன்றில் இப்போது கோழிகள் தண்ணீர் குடிக்கின்றன.