மறு: பாலிடிப்சியாவுக்கு தமிழ்ல என்ன வைக்கலாம்? (வயசான நாய், பூனை குறிப்பேடு)

குழு நண்பர்களுக்கு வணக்கம்,

வயசான நாய், பூனை வளக்கறவங்களுக்கான நம்ம குறிப்பேட்டுல பாலிடிப்சியாவுக்கு, அதாவது அளவுக்கு மீறி தண்ணி குடிக்கறதுக்கு, தமிழ்ச்சொல் தேடறோம்ல, அதுக்கு வந்த பதில்:

> மிகைத்தாகம்னே வச்சிடலாமே, எல்லாருக்கும் புரியும், எதுக்கு இவ்ளோ இழுக்கறீங்க?

புரியும்தான் ஐயா, எனக்கு இடிக்கறதே அதுதான். தாகம்னு கேட்டதும் நம்ம ஆளுங்களுக்கு ஞாபகம் வர்றது வெயில். "உடம்புல சூடு ஏறிடுச்சு, மோர் ஊத்துங்க, இளநீ குடுங்க"ன்னு பக்கத்து வீட்டுல இருந்தே வைத்தியம் ஆரம்பிச்சிடும். பத்து வயசு நாய் நடுராத்திரி எழுந்து பாத்ரூம் பக்கெட்டுக்குள்ள மூஞ்சிய விட்டு சளப் சளப்னு குடிக்குது, அது மே மாசமா இருந்துட்டா ஒருத்தரும் டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போக மாட்டாங்க. இன்னும் சில பேர் வீடெல்லாம் ஒண்ணுக்கு போகுதேன்னு ராத்திரி தண்ணி கிண்ணத்தையே எடுத்து வச்சிடறாங்க, அது இதவிட மோசம், கிட்னி கெட்டுப்போன நாய்க்கு தண்ணிய நிறுத்தினா சீக்கிரமே உடம்பு வத்தி சுருண்டு விழுந்துடும்.

இதுல பாதிக்கு மேல கேஸ்ல தாகம் பின்னாடி வர்றதுதான். முதல்ல நீர் நிறைய வெளிய போகுது, அத ஈடுகட்டத்தான் அது குடிக்குது. கிட்னியில மூணுல ரெண்டு பங்கு வேலை போனதும் சிறுநீரை கெட்டியாக்கற சக்தி போயிடும், ரத்தத்துல கிரியாட்டினின் (கிட்னி வெளியேத்த வேண்டிய கழிவு) ஏறி நிக்கறதுக்கோ கிட்டத்தட்ட முக்கால் பங்கு போயிருக்கணும், அதனால தண்ணி கிண்ணம் லேப் ரிப்போர்ட்டுக்கு முன்னாடியே சொல்லிடும். சுகர்ல சர்க்கரை சிறுநீர்ல இறங்கி தண்ணியையும் கூடவே இழுத்துட்டுப் போகுது (மொசைக் தரையில நாய் போன இடத்துல எறும்பு வரிசை கட்டினா அத சும்மா துடைச்சிட்டுப் போகாதீங்க). கருத்தடை பண்ணாத பெட்டை நாய்க்கு ஹீட் (இணை சேர்ற பருவம்) முடிஞ்சு ஒண்ணு ரெண்டு மாசத்துல கர்ப்பப்பையில சீழ் கட்டும், அந்த கிருமியோட நஞ்சு தண்ணிய பிடிச்சு வைன்னு சொல்ற ஹார்மோன் பேச்சை கிட்னிய கேக்க விடாது, சீழ் வெளிய வராமலே கூட இருக்கும், நாய் தண்ணிய மட்டும் குடிச்சிட்டு சாப்பாட்ட மோந்து பாத்துட்டு போயிடும், அது அன்னிக்கே ஆஸ்பத்திரி கேஸ். இப்படி எல்லாத்துக்கும் தாகம்னு ஒரே பேர வச்சா தாகத்தையே வியாதின்னு நெனைச்சுக்குவாங்க.

அடுத்து, குடி. "பெருங்குடி"ன்னு ஒருத்தர் போட்டிருந்தார், அது சென்னையில ஒரு ஊர் பேர், ஓஎம்ஆர் பக்கம் வீடு இருக்கறவங்க சிரிச்சிருப்பாங்க. "மிகுகுடி"யும் வேணாம், எங்க வீட்டு பூனைக்கு மிகுகுடின்னு நான் சொன்னா கேக்கறவங்க பூனைய பாக்க மாட்டாங்க, என்னைத்தான் பாப்பாங்க.

"மிகைநீர் அருந்தல்" நல்லாத்தான் இருக்கு ஆனா அதுல நீர் இடிக்குது. நம்ம வைத்தியத்துல நீர்னாலே பாதி நேரம் சிறுநீர்தான், நீர்க்கடுப்பு, நீர்ச்சுருக்கு, நீரிழிவு, "நீர் பிரியல டாக்டர்", எதுலயும் குடிக்கற தண்ணி இல்ல. அப்போ நீர் அந்தப் பக்கமே இருக்கட்டும், குடிக்கறதுக்கு அந்த எழுத்தே வேணாம். என் யோசனை:

பாலிடிப்சியா: மிகைப்பருகல்
பாலியூரியா (அளவுக்கு மீறி சிறுநீர் போறது): மிகைநீர்ப்போக்கு

போக்கு ஏற்கனவே வயித்துப்போக்கு, ரத்தப்போக்குன்னு புழக்கத்துல இருக்கு, யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. பருகல் கொஞ்சம் செந்தமிழ்தான், ஒத்துக்கறேன், ஆனா தாகத்த யாரும் அளக்க முடியாது, பருகினத அளக்கலாம். நாய்க்கு ஒரு நாளைக்கு கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல, பூனைக்கு தோராயமா 50க்கு மேல போனா மிகைப்பருகல், அதாவது பத்து கிலோ நாய் ஒரு லிட்டர் பாட்டில காலி பண்ணுது, நாலு கிலோ பூனை ஒரு டம்ளர். காலையில அளந்து ஊத்தி மறுநாள் மிச்சத்த கழிச்சா போதும், பக்கெட், குழாய், பூந்தொட்டி தட்டு எல்லாத்தையும் மூடி வச்சிட்டுதான் அளக்கணும் இல்லன்னா கணக்கு பொய்.

---

> போக்கு ஏற்கனவே புழக்கத்துல இருக்கு

அண்ணே, போக்கு எனக்கு ஓகே. ஆனா கிளினிக்ல உக்காந்து பாத்தா வர்றவங்க முக்காவாசி பேர் "அடிக்கடி போகுது"ன்னுதான் சொல்றாங்க. அடிக்கடி போறது வேற, நிறைய போறது வேற, தூக்கத்துல தானா கசியறது வேற. மூத்திரப்பையில புண்ணு இருந்தா சொட்டு சொட்டா இருபது தடவை போகும், மொத்தம் பாத்தா கம்மிதான். மிகைநீர்ப்போக்குன்னு போட்டா மூணையும் அதுலயே கொட்டிடுவாங்க. ஒவ்வொண்ணுக்கும் தனிச்சொல் போட்டு பக்கத்து பக்கத்துல வச்சாதான் சரிவரும்.

அப்புறம் காரணப் பட்டியல்ல மருந்தும் வரணும். அரிப்புக்கு ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் குடுத்திருப்பாங்க, ஒரே வாரத்துல நாய் தண்ணியா குடிக்கும், வீட்டுக்காரங்க கிட்னின்னு பயந்து ஓடி வருவாங்க. மாத்திரை சாப்பிடாமலே அதே மாதிரி குடிச்சு, பசி அடங்காம, வயிறு தொங்கி முடி கொட்டினா அது குஷிங்ங்கற வியாதி, உடம்பே அந்த ஸ்டீராய்டு மாதிரி ஹார்மோன அதிகமா சுரக்குது. பூனையில தைராய்டு அதிகமா சுரந்தாலும் இப்படி குடிக்கும், நல்லா சாப்பிட்டும் இளைச்சுக்கிட்டே போகும். ஈர உணவுல இருந்து உலர் உணவுக்கு மாத்தினாலும் குடிக்கறது ஏறும், அது வியாதி இல்ல, அதையும் ஒரு வரி சொல்லிடுங்க.

---

தம்பி சொன்னது சரி, மூணையும் பிரிச்சிடறேன்: நிறைய போனா மிகைநீர்ப்போக்கு, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமா போனா நீர்க்கடுப்பு (இருக்கற சொல்லே போதும், புதுசா எதுக்கு), தானா கசிஞ்சா நீரடங்காமை. மருந்தும் உணவும் குறிப்புல ஏத்திடறேன். காலையில முதல் சிறுநீரை சுத்தமான டப்பாவுல பிடிச்சு எடுத்துட்டுப் போனா அடர்த்தி பாக்க வசதி, அந்த வரியும் சேத்துக்கறேன், நாய் காலைத் தூக்கறப்போ நீளமான கரண்டிய நீட்டறதுதான் எங்க வீட்டு டெக்னிக், பூனைக்கு வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மிகைப்பருகலுக்கு ஆட்சேபம் இருந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க. வியாதி எதுவும் இல்லாம பழக்கத்துலயே குடிச்சுக்கிட்டு இருக்கற நாய்ங்களுக்கு இன்னும் சொல் கிடைக்கல, "மனவழி மிகைப்பருகல்"னு வாயில வருது ஆனா காதுக்கு ஒட்டல.