மறு: [கலைச்சொல்] வலையட்டையின் ‘வாட்ச்டாக் டைம்அவுட்’: ‘அனுப்புக் கெடு கடப்பு’ என்ற பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

வலையட்டை கோளாறாகும்போது பதிவேட்டில் (கணினி தன் நிகழ்வுகளை எழுதிவைக்கும் கோப்பில்) தோன்றும் ‘வாட்ச்டாக் டைம்அவுட்’ என்ற செய்திக்கு, வீட்டுத் தீயரண் (ஃபயர்வால்) கையேட்டின் பழுதறியும் இயலுக்காக இந்த இழையில் இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன: ‘காவல்நாய் காலாவதி’, ‘கண்காணிப்பு நேரம் முடிந்தது’, ‘அட்டை முடக்கம்’. மூன்றையும் நான் ஏற்காததற்குக் காரணம் சொல்லி, நான்காவதாக ஒன்றை முன்வைக்க விரும்புகிறேன். இயங்குதளம் ஃபிரீபிஎஸ்டியானாலும் லினக்ஸானாலும் அதன் உட்கருவான கருனி (கெர்னல்) எழுதும் செய்திகள் மொழிபெயர்க்கப்படுவதில்லை. பதிவேட்டில் அந்த வரி ஆங்கிலத்திலேயே நிற்கும். அதைக் கண்டு திகைத்துக் கையேட்டைப் புரட்டுபவருக்கு, எங்கே தேடத் தொடங்குவது என்பதில் தடுமாற்றம் தராத சொல்லே நமக்கு வேண்டும்.

அதற்கு, அந்த வரி எப்போது பிறக்கிறது என்பதைப் பார்த்துவிடுவது நல்லது. இயக்கி (வலையட்டையை இயக்கும் மென்பொருள்) ஒரு பொதியை, அதாவது வலையில் போகும் தரவுத் துண்டை, அனுப்பும் வரிசையில் வைத்து வலையட்டையிடம் ஒப்படைக்கும்போதே ஓர் எண்ணியையும் முடுக்கிவிடுகிறது. அட்டை அனுப்பி முடித்ததும் ஒரு குறுக்கீட்டின் (செயலியின் கவனத்தை இழுக்கும் சைகையின்) வழியாக அதைத் தெரிவிக்க வேண்டும். ரியல்டெக் நிறுவனத்தின் வலையட்டைச் சில்லுகளுக்கான ஃபிரீபிஎஸ்டி இயக்கியில் இந்த எண்ணி 5-இல் தொடங்கி நொடிக்கு ஒன்றாகக் குறைகிறது; லினக்ஸில், இயக்கி தனக்கென ஓர் அளவைக் குறிப்பிடாவிட்டால், அதே 5 நொடிதான். (ஃபிரீபிஎஸ்டி நிரலில் எண்ணியை 5 ஆக்கும் வரிக்கு மேலே, சில்லு மதிய உணவுக்கு எழுந்து போய்விட்டால் என்ன செய்வது என்ற பொருளில் ஒரு குறிப்பு இருக்கிறது. இயக்கி எழுதியவர்கள் மலிவான சில்லுகளிடம் பட்ட பாடு அதில் தெரிகிறது.) எண்ணி சுழியை எட்டியும் வேலை முடிந்ததாகத் தகவல் வரவில்லையென்றால் இயக்கி ‘வாட்ச்டாக் டைம்அவுட்’ செய்தியைப் பதிவேட்டில் எழுதிவிட்டு அட்டையை மீளத் தொடங்குகிறது. அந்தச் சில நொடிகளில்தான் வீட்டில் காணொளி நிற்கிறது, பிள்ளைகளின் இணையவகுப்பு அறுகிறது, எல்லாரும் இணையச் சேவை நிறுவனத்தைத் திட்டத் தொடங்குகிறார்கள்.

தகவல் வராமற்போவதற்குக் காரணம் ஒன்றல்ல. என் வாதம் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. அட்டை உண்மையிலேயே உறைந்திருக்கலாம். இன்டெலின் 82574எல் சில்லு, அட்டையைத் தாய்ப்பலகையோடு சேர்க்கும் பிசிஐஇ இணைப்பின் ஏ.எஸ்.பி.எம். என்னும் மின்சேமிப்பு நிலைகளோடு ஒத்துப்போகாமல் தொங்கிப்போனதால், லினக்ஸ் இயக்கியிலேயே அந்த நிலைகளை அணைத்துவைக்க வேண்டியதாயிற்று. ‘ரியல்டெக்கை எறிந்துவிட்டு இன்டெல் வாங்கு’ என்று எடுத்த எடுப்பிலேயே சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அடுத்தது, அட்டை தன் வேலையைச் சரியாகச் செய்துமுடித்திருக்கலாம். அதைத் தெரிவிக்கும் குறுக்கீடு மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். பதிவுத்தபால் போய்ச் சேர்ந்துவிட்டது, ஒப்புகை அட்டைதான் திரும்பி வரவில்லை என்பது போன்ற நிலை இது. மேற்சொன்ன ரியல்டெக் இயக்கி இதைத் தனியே இனங்கண்டுகொள்கிறது: கெடு கடந்ததும் முதலில் வரிசையை ஒருமுறை பார்க்கிறது, எல்லாம் அனுப்பப்பட்டிருந்தால், அனுப்புக் குறுக்கீடு தவறிவிட்டது என்ற கூடுதல் குறிப்போடு செய்தியை எழுதி, அட்டையை மீளத் தொடங்காமலே மேற்கொண்டு நகர்கிறது. மூன்றாவது, எதிர்முனை நிறுத்தச் சொன்னதால் அட்டை நின்றிருக்கலாம். ஈதர்நெட்டின் 802.3எக்ஸ் தரப்படி எதிர்முனை ‘சற்று நிறுத்து’ என்று ஒரு சட்டகம் (சிறு தரவுத் தொகுதி) அனுப்பினால் அட்டை அனுப்புவதை நிறுத்தவேண்டும். வீட்டின் ஒரு மூலையில் உறைந்துபோன கணினியின் அட்டை இத்தகைய சட்டகங்களை ஓயாமல் அனுப்ப, மலிவான ஸ்விட்ச் அந்த நெரிசலைத் தீயரண் வரைக்கும் கொண்டுவந்து சேர்க்க, குற்றமேதும் செய்யாத அட்டை 5 நொடிக்கு மேல் வாய்மூடி நிற்கும்.

இந்த மூன்றிலும் இயக்கி கண்டது ஒன்றே: வைத்த கெடு கடந்தது, தகவல் வரவில்லை. கண்டதை மட்டும் சொல்லி, தீர்ப்பைப் படிப்பவரிடம் விட்டுவிடும் சொல் வேண்டும். ‘அட்டை முடக்கம்’ இங்கேதான் தோற்கிறது. அது தீர்ப்பையே பெயராக வைத்துவிடுகிறது. இரண்டாவது, மூன்றாவது காரணங்களில் அந்தத் தீர்ப்பு பொய்யும்கூட. அதைப் படித்தவர் முதல் வேலையாக அட்டையைக் கழற்றுவார்.

> ‘காவல்நாய்’ என்பது உலகெங்கும் வழங்கும் உருவகம். தமிழில் மட்டும் அதைத் தவிர்ப்பானேன்?

உருவகத்தோடு எனக்குப் பகை இல்லை. அது வந்து நிற்கும் இடந்தான் சிக்கல். நாம் எழுதுவது தீயரணைப் பற்றிய கையேடு. அந்தப் பெட்டியின் முழு வேலையும் காவல்தான் என்று முதல் இயலிலேயே சொல்லிவிட்டு, ஒன்பதாம் இயலில் ‘காவல்நாய் காலாவதி’ என்று எழுதினால் படிப்பவர் என்ன நினைப்பார்? தன் வீட்டு வலையமைப்பு காவலற்றுத் திறந்துகிடக்கிறது என்றுதான் நினைப்பார். ‘காலாவதி’ அந்த அச்சத்தை இன்னும் ஒரு படி கூட்டுகிறது. மருந்து காலாவதியாகும், ஓட்டுநர் உரிமம் காலாவதியாகும். வணிகத் தீயரண்களின் ஆண்டுச் சந்தாவும் உண்மையிலேயே காலாவதியாகும். பிஎஃப்சென்ஸ் அல்லது ஓபிஎன்சென்ஸ் என்ற தீயரண் மென்பொருளை ஒரு பழைய கணினியில் நிறுவி வைத்திருப்பவர், எதையோ புதுப்பிக்கத் தவறிவிட்டோம் என்று அமைப்புப் பக்கங்களில் உரிமத்தைத் தேடிக்கொண்டிருப்பார்.

‘கண்காணிப்பு நேரம் முடிந்தது’ என்பது நல்ல தமிழ். ஆனால் பொருள் வேறு. பணிமுறை முடிந்து காவலர் வீட்டுக்குப் போனதைப் போல ஒலிக்கிறது. கண்காணிப்பே நின்றுவிட்டதாகக் கொள்ள இடமிருக்கிறது. தவிர, ‘நேரம் முடிந்தது’ என்ற தொடர் உலாவிகளில் எதிர்முனை மறுமொழி தராததைச் சொல்லப் பழகிவிட்டது. அதைப் பார்ப்பவர் மோடத்தையும் சேவை நிறுவனத்தையும் நோக்கித்தான் போவார். இங்கே நடந்ததோ ஒரே பெட்டிக்குள், இயக்கிக்கும் அதன் அட்டைக்கும் இடையே.

ஆகவே என் பரிந்துரை, செய்தி வடிவில் ‘அனுப்புக் கெடு கடந்தது’. பெயர்ச்சொல்லாக ‘அனுப்புக் கெடு கடப்பு’.

> ‘கெடு’ என்றாலே கெடுதல்தான் நினைவுக்கு வருகிறது. கலைச்சொல்லில் அமங்கலம் எதற்கு?

அமங்கலத்தை விட்டுவிடுவோம், பதிவேட்டில் மங்கலமான வரிகள் வருவது குறைவு. பொருள் மயக்கம் பற்றிய பகுதிக்கு மட்டும் விடை சொல்கிறேன். ‘கெடு’ சொல்லின் முன்னே நின்றால் தீமையைக் குறிக்கிறது: கெடுமதி, கெடுபலன், கெடுவாய்ப்பு. பின்னே நின்றால் வரையறுத்த காலத்தைக் குறிக்கிறது: காலக்கெடு, மூன்று நாள் கெடு. நாளிதழ் படிக்கும் எவருக்கும் இந்த வேறுபாடு இயல்பாகவே தெரியும். ‘கெடு வைத்தான்’ என்று தனித்து வரும்போதும் யாரும் தடுமாறுவதில்லை. எனவே ‘அனுப்பு’ என்ற அடை முன்னே இருக்கும்வரை மயக்கத்துக்கு இடமில்லை. முன்பு ஒருவர் பரிந்துரைத்த ‘கெடுமானி’யை நான் எதிர்த்ததும் இதே காரணத்தால்தான், அது தீமையை அளக்கும் கருவிபோல் இருக்கிறது.

வினைச்சொல்லைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் தனிமடலில் இருவர் ‘மீறல்’, ‘தவறல்’ ஆகியவற்றை முன்வைத்தார்கள். மீறுவதற்கு ஒரு மனம் வேண்டும்; விதி மீறல், உரிமை மீறல் என்றெல்லாம் வழங்கும் சொல்லை ஒரு சில்லின்மேல் ஏற்றுவது மிகை. ‘தவணை தவறியது’ என்பதன் வழியில் ‘கெடு தவறியது’ என்பது கேட்க இனிமையாகவே இருக்கிறது, ஆனால் தவறியவர் யார் என்ற கேள்வி கூடவே வந்துவிடுகிறது. ‘கடந்தது’ என்பதில் எழுவாய் கெடுவேதான். யார்மேலும் பழி விழவில்லை. பெயர்ச்சொல்லில் மட்டும் ஓர் எச்சரிக்கை: ‘கடத்தல்’ என்று யாரும் திருத்திவிட வேண்டாம். அது சுங்கத்துறையின் சொல்.

எண்ணியின் பெயர் குறித்து நான் அவ்வளவு பிடிவாதமாக இல்லை. ‘காலக்கெடு எண்ணி’ போதும் என்று தோன்றுகிறது. தாய்ப்பலகையில் இருக்கும், முழுக் கணினியையே மறுதொடக்கம் செய்யும் எண்ணியை ‘பொறிக் காலக்கெடு எண்ணி’ என்று பிரித்துக் காட்டலாம். இலங்கை நண்பர் சொன்ன ‘கங்காணி’ கவர்ச்சியான சொல்தான். ஆனால் தேயிலைத் தோட்டங்களில் அந்தச் சொல்லுக்குக் கீழே வேலை செய்தவர்களின் பேரப்பிள்ளைகளும் இந்தக் கையேட்டைப் படிக்கக்கூடும் என்பதால் தவிர்க்கிறேன்.

இந்தச் சொல்லை வலையட்டைக் கோளாறுகள் அனைத்துக்கும் பொதுப்பெயராக ஆக்கிவிடவும் கூடாது. இன்டெல் ஐ225-வியின் தொடக்கப் பதிப்புகள் 2.5 கிகாபிட் வேகத்தில் சில ஸ்விட்சுகளோடு சேரும்போது, பொதிகளுக்கு இடையே விடவேண்டிய இடைவெளியைக் குறைத்துவிட்டதால் பொதிகள் தொலைந்தன. அங்கே எந்தக் கெடுவும் கடக்கவில்லை. அட்டை தன் கணக்குப்படி எல்லாவற்றையும் அனுப்பிவிட்டது, பதிவேடும் அமைதியாகவே இருந்தது. வேகத்தை 1 கிகாபிட்டாகக் குறைப்பதே அப்போது கைகொடுத்த தற்காலிக வழி. வடம் கழன்று இணைப்பு விட்டுவிட்டு வருவதும் வேறு. அதற்கான சொல்லைத் தனி இழையில் பேசலாம்.

கையேட்டுப் பதிவுக்கு என் வரைவு இது:

“அனுப்புக் கெடு கடந்தது: ஒப்படைத்த பொதிகளை அனுப்பி முடித்ததாக வலையட்டையிடமிருந்து இயக்கிக்கு உரிய நொடிகளுக்குள் தகவல் வரவில்லை. தீயரண் விதிகள் அப்படியே இருக்கின்றன. செய்தியோடு குறுக்கீடு தவறியதாகக் குறிப்பு இருந்தால், அட்டையைச் சந்தேகிக்கும் முன் இயக்கியின் குறுக்கீட்டு முறையை மாற்றிப் பாருங்கள். குறிப்பு இல்லையென்றால், பிசிஐஇ மின்சேமிப்பை அணையுங்கள். பெரிய துண்டுகளைச் சில்லிடமே கொடுத்துப் பிரிக்கச் சொல்லும் டி.எஸ்.ஓ. வசதியை அணையுங்கள். பிறர் பொதிகளை வழிமாற்றிவிடும் பெட்டிக்கு அவ்வசதியால் பெரிய பயனும் இல்லை. பிறகு ‘சற்று நிறுத்து’ சட்டகங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். அது ஏறிக்கொண்டே போனால் ஸ்விட்சில் செருகியிருக்கும் வடங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எந்தக் கருவி என்று கண்டறியுங்கள். ரியல்டெக் அட்டையாயின், அந்த நிறுவனமே தரும் இயக்கியை நிறுவிப் பாருங்கள். ஓபிஎன்சென்ஸில் அது செருகுநிரலாகக் கிடைக்கிறது. இவை எதற்கும் அடங்காவிட்டால் அட்டையை மாற்றுங்கள்.”

லினக்ஸ் பயனருக்கு மேலும் ஒரு வரி சேர்க்க எண்ணுகிறேன். அங்கே பல பதிப்புகளில் முதல் முறை கெடு கடக்கும்போது கருனி, எந்த நிரற்பகுதி எதை அழைத்தது என்று காட்டும் ஒரு நீண்ட அழைப்புத் தடத்தையும் சேர்த்துக் கொட்டுகிறது. பார்ப்பவர் கருனியே நொறுங்கிவிட்டது என்று அஞ்சுகிறார். அது வெறும் எச்சரிக்கை என்பதை அந்த வரி சொல்லிவிட வேண்டும்.

முடிவு செய்யவேண்டியது இன்னொன்று எஞ்சியிருக்கிறது. மேலே நான் ‘மீளத் தொடங்குகிறது’ என்று எழுதியதை மெய்ப்புப் பார்த்த நண்பர் ‘மறுதொடக்கம்’ என்று மாற்றியிருந்தார். பெட்டி முழுவதும் அணைந்து எழுவதற்கு அந்தச் சொல்லைக் கையேட்டின் பிற இயல்களில் பயன்படுத்திவிட்டோம். அட்டைக்கு ‘மீள்தொடக்கம்’ என்று வேறுபடுத்துவது போதுமா, அல்லது ஓசையில் இன்னும் விலகிய ஒரு சொல் வேண்டுமா என்பதில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். ‘அனுப்புக் கெடு கடப்பு’க்கு இந்த வார இறுதிக்குள் மறுப்பு வராவிட்டால் சொற்பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
பழுதறியும் இயலின் தொகுப்பாளர்